விம்பிள்டன் ரசிகர்களின் வழக்கு

ஒரு கால்பந்து சங்கத்தின் அபிமானிகள், தங்கள் அணி தோற்றுப்போகிறது என்பதற்காக மட்டும் அதன் முதலாளிகள்மீது நம்பிக்கை இழந்துவிடுவதில்லை. வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டேயிருக்கும் அணிக்கும், மழையென்றும் பனியென்றும் பாராமல் வந்து நின்று குரல் கொடுக்கும் கூட்டம் இங்கிலாந்தின் சிற்றூர்களிலெல்லாம் உண்டு. அவர்கள் திட்டுவார்கள், பயிற்சியாளரை மாற்றச் சொல்லுவார்கள், அடுத்த சனிக்கிழமை தவறாமல் வந்து பழைய இடத்திலேயே நிற்பார்கள். எந்தச் சங்கத்தைப் பாட்டன் காலத்திலிருந்து தங்களுடையது என்று எண்ணி வந்தார்களோ, அது சட்டப்படி தங்களுடையதன்று, பங்குப் பத்திரம் வைத்திருக்கும் யாரோ ஒருவருடையது என்பதும், அந்த ஒருவர் மனம்வைத்தால் அதை விற்கலாம், அடகு வைக்கலாம், வேறு ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்பதும் தெரியவரும் நாளில்தான் அந்த நம்பிக்கை உடைகிறது.

இந்த நிலைமை நேற்று ஏற்பட்டதன்று. இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் ஆங்கிலக் கால்பந்து சங்கங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாதாகோயிலைச் சேர்ந்த வாலிபர்களாலும், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களாலும், ரயில்வே பட்டறைத் தொழிலாளிகளாலும் ஓய்வுநேர விளையாட்டுக்காகத் தொடங்கப்பட்டவை. கூட்டம் பெருகி, மைதானம் அமைக்கப் பணம் தேவைப்பட்டபோது, கடன் வந்தால் அது தனி மனிதர்கள் தலையில் விழாதிருக்கும்பொருட்டு, அவை லிமிடெட் கம்பெனிகளாகப் பதிவு செய்யப்பட்டன. கம்பெனி என்று ஆனபின் பங்குதாரர்தானே சொந்தக்காரர்? இதில் உள்ள அபாயத்தை அக்காலத்துக் கால்பந்து சம்மேளனத்தார் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். பங்குகளுக்குக் கொடுக்கும் லாபத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். டைரக்டர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றும் விதித்தார்கள். ஊர்ப் பிரமுகராகிய கசாப்புக் கடைக்காரரோ நெசவாலை முதலாளியோ சங்கத்தின் தலைவராக இருந்தால், அதனால் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மரியாதைதானேயன்றிப் பணம் அன்று. 1981-ல் சம்பளத் தடை நீங்கிற்று. 1983-ல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் சங்கத்தார், சங்கத்துக்கு மேலே வேறொரு கம்பெனியை நிறுவி, அதன் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் விற்று, பழைய விதியின் கைக்கு எட்டாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். 1992-ல் பிரீமியர் லீக் பிறந்து, தொலைக்காட்சிப் பணம் கொட்டத் தொடங்கியபின், பழைய ஊர்ப் பிரமுகர்களின் இடத்துக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் செல்வந்தர்கள் வரலாயினர்.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு நேர்ந்ததைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிந்திருப்பார்கள். 2005-ல் அமெரிக்காவைச் சேர்ந்த கிளேசர் குடும்பத்தார் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு அந்தச் சங்கத்தை வாங்கினார்கள். வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியை, வாங்கப்பட்ட சங்கத்தின் தலைமீதே ஏற்றினார்கள். வீட்டை விலைக்கு வாங்கியவனுடைய கடனை அந்த வீட்டில் குடியிருந்தவர்களே அடைக்கும்படியான இந்த ஏற்பாட்டில் மனம் கசந்துபோன ரசிகர்கள் சிலர், அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் என்று தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2010-ல் பல்லாயிரம் பேர், சங்கம் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில்வேத் தொழிலாளிகளின் அணியாக இருந்த நாளில் அணிந்த பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத்துணியை அணிந்து வந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய சங்கங்களின் முதலாளிகள், ரசிகர்களை ஒரு வார்த்தை கேளாமல், தங்களுக்குள் ஒரு தனிப் போட்டியை அமைத்துக்கொள்வதாக அறிவித்தபோது, அதில் சேர்ந்த ஆங்கிலச் சங்கங்கள் ஆறும் இரண்டே நாட்களில் பின்வாங்க நேர்ந்தது. அதற்குப் பின்னும் கோபம் ஆறாமல் மே 2-ந் தேதி ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குள் புகுந்ததால், லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கிளேசர்களோ போகவில்லை.

பெரிய சங்கத்தின் ரசிகர்களுக்கு நேர்ந்த வேதனையைக் குறைத்துச் சொல்லுவது என் நோக்கமன்று. எனினும், அவர்களுக்குச் சங்கம் என்னவோ அதே ஊரில், அதே மைதானத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. லண்டனின் தென்மேற்கே விம்பிள்டனில் இருந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் மிஞ்சவில்லை. விம்பிள்டன் என்றவுடன் நமக்கு ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் அரை இறுதி வரை சென்ற டென்னிஸ் மைதானமே நினைவுக்கு வரும். அதே ஊரில், பொதுவெளியென்று அழைக்கப்படும் பரந்த புல்வெளியில், 1889-ல் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கால்பந்து சங்கம் ஒன்றும் இருந்தது. 1912 முதல் அதன் இருப்பிடம் பிளவ் லேன் என்னும் சிறிய மைதானம். நெடுங்காலம் அது சம்பளமில்லாத ஆட்டக்காரர்களின் சங்கமாகவே இருந்தது. 1977-ல்தான் ஆங்கிலக் கால்பந்து லீகில் இடம் கிடைத்தது. அதற்குப்பின் ஒன்பதே ஆண்டுகளில் நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறி, 1988 மே 14-ந் தேதி வெம்பிளி மைதானத்தில், அந்த ஆண்டு லீக் சாம்பியனாக விளங்கிய லிவர்பூலை, லாரி சான்செஸ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலினால் வென்று, கால்பந்து சம்மேளனத்தின் எஃப்.ஏ. கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அன்று ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

இத்தகைய சங்கம் எப்படி அழிந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரே நாளில் ஒரே கையால் அது நடக்கவில்லை. முதலில் போனது மைதானம். 1989-ல் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் மாண்டதன் விளைவாக, மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை இருந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. பிளவ் லேனைப் புதுப்பிக்க இயலாது என்று சொல்லி, அன்றைய முதலாளியாகிய சாம் ஹம்மாம் 1991-ல் அணியைச் சில மைல் தூரத்திலிருந்த கிறிஸ்டல் பாலஸ் சங்கத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக் குடியாகக் கொண்டுபோனார். தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொல்லப்பட்டது. பிளவ் லேன் நிலத்தை விற்க நேர்ந்தால் அது விளையாட்டுக்கோ பொழுதுபோக்குக்கோதான் பயன்பட வேண்டும் என்று ஊர் நகராட்சிக்குச் சாதகமான ஒரு ஷரத்து பழைய கிரயப் பத்திரத்தில் இருந்தது. பணம் கொடுத்து அந்த ஷரத்தும் நீக்கப்பட்டது. முன்னோர்கள் கவலையோடு எழுதிவைத்த அந்தச் சில வரிகள் விலைபோனபோதே சங்கத்தின் கதி பாதி நிர்ணயமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். 1997-ல் ஹம்மாம் சங்கத்தின் பெரும்பங்கை நார்வே நாட்டு முதலாளிகள் இருவருக்கு விற்றார். 1998-ல் மைதானம் ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனிக்குப் போயிற்று. சங்கத்தை அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்கே கொண்டுபோய்விடலாமா என்ற யோசனைகூட இந்தக் காலத்தில் பேசப்பட்டது. 2000-ல், கோப்பையை வென்ற அதே மே 14-ந் தேதி, அணி பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது.

பக்கிங்ஹாம்ஷயரில் மில்டன் கீன்ஸ் என்று ஒரு புது நகரம் உண்டு. 1967-ல் அரசாங்கமே திட்டமிட்டு அமைத்தது. விம்பிள்டனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே பெரிய கடைகளோடு ஒரு மைதானமும் கட்ட வேண்டும் என்று பீட் விங்கல்மன் என்பவரின் தலைமையில் சிலர் முனைந்திருந்தார்கள். மைதானம் வந்தால் கடைகளுக்கு அனுமதி கிடைக்கும். மைதானத்துக்கு ஓர் அணி வேண்டும். புதிதாக ஓர் அணியைத் தொடங்கிக் கீழ்ப்படியிலிருந்து ஏறிவர எத்தனையோ வருஷம் ஆகும். ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் அணியொன்று வந்து சேர்ந்தால் அந்த உழைப்பு மிச்சம். சொந்த மைதானம் இல்லாமல், நஷ்டத்தில் நடந்துகொண்டிருந்த விம்பிள்டன் அவர்கள் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை. 2001 ஆகஸ்டில் சங்கத் தலைவர் சார்லஸ் கோப்பல், அணி மில்டன் கீன்ஸுக்குப் போக உத்தேசித்திருப்பதாக அறிவித்தார்.

பத்து வருஷம் வாடகை மைதானத்துக்குப் பஸ் மாறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள், ஊருக்குத் திரும்பும் நாளை எதிர்பார்த்திருந்தவர்கள், இந்த அறிவிப்பைக் கேட்டு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கறுப்பு பலூன்களைப் பறக்கவிட்டார்கள், ஊர்வலம் போனார்கள், நகராட்சியையும் பார்லிமெண்டு அங்கத்தினர்களையும் மற்றச் சங்கங்களின் ரசிகர்களையும் நியாயம் கேட்கச் செய்தார்கள். லீக் நிர்வாகிகள் முதலில் அனுமதி மறுத்தார்கள். முதலாளிகள் விடவில்லை, விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போய், முடிவில் கால்பந்து சம்மேளனம் நியமித்த மூவர் கமிஷனிடம் வந்து சேர்ந்தது. 2002 மே 28-ந் தேதி, இருவர் சரி என்றும் ஒருவர் கூடாது என்றும் சொல்ல, இடமாற்றத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. ரசிகர்கள் அடிமட்டத்திலிருந்து விம்பிள்டனில் ஒரு புதுச் சங்கத்தைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது.

இங்கே முதலாளிகளுடைய வாதத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. வாரந்தோறும் பணம் கரைந்துகொண்டிருந்தது உண்மை. விம்பிள்டனில் மைதானத்துக்கேற்ற நிலம் எளிதில் கிடைக்காது என்பதும் உண்மை. சங்கம் திவாலாவதைக்காட்டிலும் வேறு ஊரில் உயிர்வாழ்வது மேலல்லவா என்றார்கள். கம்பெனிச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்துக்கு மறுமொழி சொல்லுவது கடினம். ஆனால், ஊர்க் கோயிலின் தர்மகர்த்தா, வருமானம் போதவில்லை என்பதற்காக, மூலவரைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு ஊரில் பிரதிஷ்டை செய்துவிட்டு, கோயிலைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னால், ஊரார் அதை ஒப்புக்கொள்வார்களா? எந்த ஊர் ஜனங்களின் விசுவாசத்தினால் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டாயிற்றோ, அந்த ஜனங்களை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் கொண்டுபோகும் உரிமை பணம் கொடுத்தவர் எவருக்கும் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், விம்பிள்டன் சமூகக் கூடத்தில் ரசிகர்கள் கூடினார்கள். மேல்முறையீடு செய்வதா, வழக்குத் தொடுப்பதா, இன்னும் ஓராண்டு போராடுவதா என்ற பேச்சுக்கிடையே, கிரிஸ் ஸ்டூவர்ட் என்பவர் எழுந்து, போராடிப் போராடித் தமக்கு அலுத்துவிட்டது என்றும், தமக்கு வேண்டியதெல்லாம் உட்கார்ந்து கொஞ்சம் கால்பந்து பார்ப்பதே என்றும் சொன்னார். அந்தச் சொல் எல்லார் மனத்திலும் இருந்ததை வெளிக்கொண்டுவந்தது. புதுச் சங்கம் தொடங்குவது என்று முடிவாயிற்று. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று அதற்குப் பெயர். ஜூன் 29-ந் தேதி, 1889-ல் முதல் ஆட்டக்காரர்கள் ஆடிய அதே பொதுவெளியில், ஆள் பொறுக்குவதற்கு நாள் குறிப்பிட்டு அறிவித்தார்கள். ஏறத்தாழ 230 பேர் வந்துவிட்டார்கள். எந்த லீகில் ஆடப்போகிறோம் என்ற நிச்சயம்கூட முழுதும் இல்லாத ஓர் அணிக்காக, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஜூலை 10-ந் தேதி சட்டன் யுனைடெட்டுடன் முதல் சிநேக ஆட்டம். டிக்கெட்டுக்கு நின்ற வரிசை நீண்டுபோனதால் ஆட்டத்தைத் தாமதித்துத் தொடங்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் 4,657 பேர். நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். தோல்வியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டக்காரர்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஒன்பதாம் படியில் இருந்த ஒரு வட்டார லீகில் இடம் கிடைத்தது. அந்த முதல் ஆண்டில், பூங்கா மைதானங்களில் இருநூறு பேருக்கு ஆடிப் பழகிய சிறு சங்கங்கள், திடீரென்று மூவாயிரம் பேர் சராசரியாகத் திரண்டு வரும் அணியை எதிர்கொண்டன. அதே சமயம், இரண்டாம் டிவிஷன் தரத்தில் ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டனுக்கு என்ன நேர்ந்தது? 2002 அக்டோபர் 29-ந் தேதி செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ராதர்ஹாமுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். இருபத்தாறாயிரம் பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூட மேல் வரிசைக்குக் கேட்டிருக்கும். தீர்ப்பும், பங்குகளும், லீக் இடமும் ஒரு பக்கம், ஜனங்கள் மறுபக்கம். 2003-ல் பழைய கம்பெனி கடன்காரர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிர்வாகியின் கைக்குப் போய், செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்குக் குடிபெயர்ந்து, 2004-ல் எம்.கே. டான்ஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. கோப்பையும் பழைய சரித்திரமும் யாருக்குப் பாத்தியம் என்ற தகராறு அதன் பிறகும் நடந்தது. 2007-ல் மில்டன் கீன்ஸ் சங்கத்தார் அந்தச் சரித்திரத்தைத் துறந்து, கோப்பையின் பிரதியை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள்.

புதுச் சங்கம் படி ஏறிய கதையைச் சுருக்கியே சொல்லுகிறேன். 2003 முதல் 2004 வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2011 மே மாதம், மான்செஸ்டரில், லூட்டன் டவுனைப் பெனால்டிகளில் வென்று, தொடங்கிய ஒன்பதாம் ஆண்டிலேயே லீகுக்குள் நுழைந்தது. இதற்கெல்லாம் பின்னால் இருந்தது டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கம். சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கு. நூறு பவுண்டு கொடுத்தவருக்கும் லட்சம் பவுண்டு கொடுத்தவருக்கும் அதே ஒன்று. சங்கத்தில் பெரும்பங்கு என்றைக்கும் அந்த டிரஸ்டின் கையைவிட்டுப் போகலாகாது என்பதே அவர்களுடைய சங்கல்பம்.

அந்தச் சங்கல்பம் சோதனைக்கு உள்ளாகாமல் இல்லை. பழைய பிளவ் லேனுக்குச் சில நூறு கஜ தூரத்தில், நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில், புது மைதானம் கட்டத் தொடங்கியபின், 2019-ன் இறுதியில் பல லட்சம் பவுண்டு துண்டு விழுந்தது. வெளியிலிருந்து பணக்காரர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டால் காரியம் எளிதாக முடியும். சேர்த்துக்கொண்டால், விட்டு ஓடிவந்த பழைய வாசலுக்கே திரும்பியதாகாதா என்று சிலர் கேட்டார்கள். நிர்வாகக் குழுவின்மீதே நம்பிக்கைக் குறைவு பேசப்பட்ட அந்தச் சில வாரங்கள், ரசிகர்களே முதலாளிகளானால் மனஸ்தாபம் இராது என்று எண்ணுபவர்களுக்கு ஒரு பாடம். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது: கணக்கைக் கேட்பவர்களுக்குக் காட்டவேண்டிய கடமை இருந்தது, கேட்டவர்கள் கையில் வாக்கு இருந்தது. கடைசியில் ரசிகர்களே கடன் பத்திரம் வெளியிட்டு, ரசிகர்களே வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பர் 3-ந் தேதி புது பிளவ் லேனில் முதல் ஆட்டம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாடு காரணமாக ரசிகர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. இருபத்தொன்பது வருஷம் காத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை உறுத்தும் ஒரு பகுதியும் உண்டு. இடையில் பல வருஷம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஆடியது கிங்ஸ்மெடோ என்னும் மைதானத்தில். அது கிங்ஸ்டோனியன் என்ற வேறொரு பழைய சங்கத்தின் வீடு. அந்தச் சங்கம் பணக்கஷ்டத்தில் மைதானத்தைப் பறிகொடுத்திருந்தபோது, 2003-ல் விம்பிள்டன்காரர்கள் அதை வாங்கி, கிங்ஸ்டோனியனையும் அங்கேயே ஆடவிட்டார்கள். பிளவ் லேனுக்குத் திரும்பப் பணம் வேண்டியிருந்தபோது, கிங்ஸ்மெடோவைச் செல்சி சங்கத்துக்கு விற்றார்கள். 2017-ல் கிங்ஸ்டோனியன் தன் சொந்த ஊரைவிட்டு மைதானம் தேடிப் புறப்பட வேண்டியதாயிற்று. விம்பிள்டன்காரர்களின் செயலுக்கும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கும் உள்ள வேற்றுமைகள் பல. அவற்றை நான் அறியாமல் இல்லை. ஆயினும், வீடிழந்த துன்பத்தை அறிந்தவர்கள் கையாலேயே இன்னொரு சங்கம் வீடிழந்தது என்பதை மறைத்து எழுதினால், அவர்களுடைய வெற்றிக்கு நான் செய்யும் மரியாதை பொய்யாகிவிடும்.

இத்தனை நடந்தும் சட்டம் நெடுங்காலம் அசையவில்லை. 1885-ல் தோன்றி, 1894 முதல் லீகில் இருந்த பரி என்ற ஊரின் சங்கத்தை, 2018-ன் இறுதியில் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். கடன்களை அடைப்பதற்கான வழியைக் காட்ட முடியாமற்போகவே, 2019 ஆகஸ்டில் அச்சங்கம் லீகிலிருந்து விலக்கப்பட்டது. அந்த வாரம் ரசிகர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து, நடக்கப்போகும் ஆட்டத்துக்கென்று கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆட்டம் நடக்கவில்லை. பரியின் வீழ்ச்சியும், பன்னிரண்டு சங்கங்களின் தனிப் போட்டி முயற்சியும் சேர்ந்து பார்லிமெண்டைத் தட்டியெழுப்பின. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், சங்கங்களின் கணக்கையும் முதலாளிகளின் தகுதியையும் பரிசீலிக்க ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது. அதன் அனுமதியின்றி இனி ஒரு சங்கம் தன் மைதானத்தை விற்கவோ வேறிடத்துக்குப் போகவோ முடியாது.

மில்டன் கீன்ஸில் 2003-க்குப்பின் பிறந்த குழந்தைகள் இப்போது வாலிபர்கள். அவர்களுக்கு எம்.கே. டான்ஸைத் தவிர வேறு அணி தெரியாது. அது எங்கிருந்து எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் பொறுப்பாளிகளும் அல்லர். 2024 ஆகஸ்டில் விங்கல்மன் அந்தச் சங்கத்தைக் குவைத்தைச் சேர்ந்த ஒரு குழுவினருக்கு விற்றுவிட்டார். விம்பிள்டன்காரர்களுக்கு இல்லாதிருந்த அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகப்பட்ட சங்கத்தின் ரசிகர்களுக்கு இன்று உண்டு. அது அவர்களுக்கும் இருக்க வேண்டியதுதான்.